கணக்கில் வராத கரண்டி

நான் வேலை பார்க்கும் தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு கண்ணாடிச் சுவர் உண்டு. அந்தப் பக்கம் சுற்றுலாக்காரர்கள், இந்தப் பக்கம் நாங்கள். காலையில் பஸ் வந்து நின்றதும் கோலாலம்பூர்க்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் கையில் ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீமோடு வரிசையாக வந்து, மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி எங்களைப் பார்ப்பார்கள். இலை எப்படி வாடுகிறது, எப்படி உருளுகிறது, எப்படிக் காய்கிறது என்றெல்லாம் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். டிரையர் பக்கத்தில் நிற்கிற மீசைக்காரனைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனாலும் என்னைத்தான் அதிகம் படம் எடுத்தார்கள். எல்லோரும் நிதானமாக நடமாடுகிற இடத்தில் ஒருவன் மட்டும் திடீரென்று தொடைகளைச் சேர்த்துக்கொண்டு, முகத்தில் சாமி வந்த களையோடு, கால் கட்டிய கோழி மாதிரி ஓடினால் யார்தான் எடுக்க மாட்டார்கள்? ஒருமுறை ஒரு சீனத்து அம்மா கையே தட்டிவிட்டார். தேயிலைத் தயாரிப்பில் அதுவும் ஒரு கட்டம் என்று நினைத்திருப்பார்.

கோத்தகிரியில் என்னை இப்படி யாரும் பார்த்ததில்லை. அங்கே தொழிற்சாலைக்கு வருகிறவர்கள் இலை கொண்டுவந்து போடும் சிறு விவசாயிகள். அவர்களும் விலையைக் கேட்டுத் திட்டிவிட்டுப் போவதற்காக வருகிறவர்கள். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து டிரையர் வேலைதான் எனக்கு. ஈரமாக உள்ளே போகிற இலை வெளியே வரும்போது கையில் நொறுங்க வேண்டும், ஆனால் கருகக் கூடாது. அந்த இடைவெளியை மூக்கால் பிடிக்கத் தெரிந்தவன் என்பதால் மலேசியாவில் இந்தக் கேமரன் மலைக்கு எடுத்தார்கள். மலையிலிருந்து மலைக்குத்தானே என்று நானும் கிளம்பி வந்தேன். வந்து பார்த்தால் அதே பனி, அதே செடி, அதே அட்டை, அதே லயன் வீடுகள், கோடியில் அதே மாரியம்மன். எல்லாம் ஒன்றாக இருக்கிற இடத்தில் அந்நியனாக இருப்பது கொஞ்சம் கஷ்டமான வேலை. இங்கே பிறந்த தமிழர்கள் எங்களை ‘ஊர்க்காரன்’ என்பார்கள். எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள். இந்தியா முழுக்க அவர்களுக்கு ஒரே ஊர்.

வந்த புதிதில் ரிங்லெட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டேன். மறுநாள் காய்ச்சலும் கழிச்சலும். சில நாளில் நின்றது. குடல் மட்டும் அதை மறக்கவில்லை. அதன்பிறகு எதைத் தின்றாலும் உப்புசம், முறுக்கு, ஓட்டம். ரத்தம் பார்த்தார்கள், மலம் பார்த்தார்கள், ஈப்போவுக்கு அனுப்பிக் குழாயை விட்டும் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். ஒரு மனிதனுக்குக் கிடைக்கக்கூடிய தீர்ப்புகளிலேயே குரூரமானது அந்த ‘நார்மல்’. கடைசியில் டாக்டர் குடலின் இந்த எரிச்சலுக்கு ஐ.பி.எஸ். என்று பெயர் சொன்னார். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளை ஐ.பி.எஸ். ஆனால் ஊருக்கே விருந்து வைப்பார்கள். எங்கள் வீட்டில் வயிறு ஆகிவிட்டது.

நான் டாக்டரை நம்பவில்லை. போனில் தேடித் தேடிப் படித்து, உலகத்தில் குடலுக்கு வரக்கூடிய அத்தனை வியாதிகளையும் எனக்கு ஒதுக்கீடு செய்துகொண்டேன். மனதுக்குள் இரங்கல் செய்தி தயாரித்தேன். பெட்டியை எப்படி அனுப்புவார்கள் என்று யோசித்தேன். தாப்பாவுக்கு இறங்குகிற அந்த வளைவுகளில் உயிரோடு இருக்கிறவனே வாந்தி எடுக்கிறான், பிணம் என்ன செய்யும் என்று கவலைப்பட்டேன். பக்கத்தில் இலை உருட்டும் மெஷினில் நிற்கிற மணியம் அண்ணன் இந்த மலையிலேயே பிறந்தவர். என் கவலையைக் கேட்டுவிட்டு, “பயப்படாத ஊர்க்காரரே. பொட்டிக்குள்ள ஒரு வாளி வெச்சு அனுப்பறேன்” என்றார். மறுவாரம் தொழிற்சாலைக் கழிப்பறைக் கதவில் என் பெயர் போட்ட ஓர் அட்டை தொங்கியது: ‘பழனிச்சாமி குவார்ட்டர்ஸ். அனுமதி இல்லாமல் உள்ளே வராதே.’ எழுத்து யாருடையது என்று விசாரிக்க எனக்கு அவகாசம் இருக்கவில்லை. கதவைத் திறக்கிற அவசரம்.

வேலை முடிந்து வந்ததும் மனைவி மல்லிகாவுக்குப் போன் போடுவேன். எனக்குச் சாயங்காலம், கோத்தகிரியில் அவளுக்கு மதியம். மகள் கோயமுத்தூரில் நர்சிங் படிக்கிறாள், வீடு பாதி எழும்பி நிற்கிறது. இவை இரண்டையும் சொல்லி முடிக்க அதிக நேரம் பிடிக்காது. அதற்குப் பிறகுதான் நாங்கள் மனம்விட்டுப் பேச ஆரம்பிப்போம்.

“ஏனுங்க, இன்னைக்கு எத்தன தடவ?”

“மூணு.”

“தண்ணியாவா?”

“மொத ரெண்டும் பரவால்ல.”

“வலி எந்தப் பக்கம்? இடதா? லேகியம் எடுத்துக்கிட்டீங்கல்ல?”

கல்யாணமான புதிதில்கூட அவள் என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை. கடல் தாண்டியிருக்கிற கணவன்மார்களிடம் மற்ற மனைவிகள் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் காதல் பெருங்குடல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ரிங்லெட் கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஒரு லேகியம் கிண்டி அனுப்ப ஆரம்பித்திருந்தாள். கன்னங்கரேலென்று, ஓமமும் சுக்கும் தூக்கலாக, திறந்தால் அறைக்கே ஒரு வீட்டு வாசனை வரும். லீவு முடிந்து ஊரிலிருந்து வருகிற யாரிடமாவது ஒரு டப்பா வந்துவிடும். மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கரண்டி. வயிறு முறுக்கினால் உபரியாக இன்னொன்று. வயிறு முறுக்காத நாளே கிடையாது என்பதால் டப்பாக்கள் வேகமாகக் காலியாயின.

இந்தச் சமயத்தில்தான் சின்ன துரை கூப்பிட்டு அனுப்பினார். சின்ன துரை என்றதும் தொப்பியும் சுருட்டும் ஞாபகத்துக்கு வர வேண்டாம். ஜீன்ஸ் போட்ட, பேச்சுக்கு ‘லா’ என்று வால் வைக்கிற ஈப்போ தமிழர், உதவி மேனேஜர், என்னைவிட இருபது வயதாவது சின்னவர். நான் ஓடிய ஒரு ஓட்டத்தில் அன்றைக்கு ஒரு ஈடு இலை கருகியிருந்தது.

“அங்கிள், நீங்க டாய்லெட் போங்க, நான் வேணான்னு சொல்லல. ஆனா டிரையருக்கு உங்க வயிறு தெரியாது லா. டிரையருக்குன்னுதான் உங்கள ஊர்ல இருந்து எடுத்தோம். கூட்டறதுக்கு இங்கயே ஆள் இருக்கு. பெர்மிட் ரினியூ பண்றதுக்கு நான் சைன் வெக்கணும். ஷிப்ட் முழுக்க டிரையர் பக்கத்துல நிக்கறவருக்குத்தான் வெப்பேன்.”

அவர் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மரியாதையாகச் சொன்னார். பாதி வீடும் பாதி நர்சும் என் குடலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிற காட்சி கண்முன் வந்தது. உடனே வயிறு முறுக்கியது. “இதோ வந்துடறேன் சார்” என்று ஆபீஸிலிருந்தே ஓடினேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற மலாய்ப் பெண் ஒருத்தி இருந்தாள். முக்காடு போட்ட சின்ன முகம். மேஜைமேல் பிளாஸ்டிக் சோறு, பிளாஸ்டிக் மீன். அந்த மீனைப் பார்த்ததும் எனக்குப் பொறாமை, அதற்குக் குடல் இல்லை. என் மலாயும் அவள் ஆங்கிலமும் சந்தித்துக்கொண்ட சந்தில் எங்கள் பேச்சு நடந்தது. வெங்காயம், பூண்டு, பால், தேன், கோதுமை எல்லாவற்றையும் முதலில் நிறுத்து, வயிறு அடங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர், எது கலவரம் பண்ணுகிறதோ அதுதான் கள்ளன் என்றாள். சாப்பிடுகிற எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள்.

“ஆப்பா-ஆப்பா மாசோக் மூலோட், சாயா மாவ் தாஹு” என்றாள் அழுத்தமாக. வாய்க்குள் போவது எதுவானாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

“நாசி, சாயோர், ஈக்கான்” என்றேன். சோறு, காய், மீன்.

“ஊபாட்?” மருந்து?

“கிளினிக் ஊபாட் மட்டும்” என்று தலையை ஆட்டினேன்.

நான் பொய் சொல்லவில்லை. சாப்பாடு என்ன என்று கேட்டபோது லேகியம் ஞாபகத்துக்கு வரவில்லை, ஏனென்றால் அது மருந்து. மருந்து என்ன என்று கேட்டபோதும் வரவில்லை, ஏனென்றால் அது வீட்டில் கிண்டினது. நம் ஆட்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். விரதத்தன்று வாயில் தண்ணீர்கூடப் படாமல் இருப்பார்கள், லேகியம் நக்குவார்கள்.

ஆக, கள்ளன் இந்த நாட்டுக்காரன் என்று முடிவு கட்டிக்கொண்டு தேட ஆரம்பித்தேன். மணியம் அண்ணனின் மனைவி சரோஜா அக்காதான் எங்களைப் போன்ற தனிக்கட்டைகளுக்கு லயன் வீட்டில் சமைத்துப் போடுகிறவர். அவர் அடுப்படியில் போய் நின்று வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, பெலாச்சான் கூடவே கூடாது என்று ஒப்பித்தேன். பெலாச்சான் என்றால் இறால் அரைத்துக் காயவைத்த கட்டி. நாற்றத்தில் நம் கருவாட்டுக்குப் பெரியண்ணன்.

“அப்பறம் என்னாத்தப் போட்டுக் கொழம்பு வெக்கறது? ஒன் மூஞ்சியயா?” என்றார் சரோஜா அக்கா.

“எனக்கு மட்டும் தனியா வெச்சாப் போதும்க்கா. இந்த ஊரு சாப்பாடு சேரல.”

“எங்க பாட்டன் காலத்துல இருந்து இதத்தான் தின்னுட்டு மலை ஏறி கொழுந்து எடுக்கறோம். ஒனக்கு மட்டும் சேரலியோ? ராஜா வயிறு லா. கூடவே ஒரு ராஜா வீட்டுச் சமையக்காரனையும் ஏத்திக் கூட்டியாந்திருக்கணும்.”

திட்டிக்கொண்டே செய்தும் கொடுத்தார். அவித்த மீன், அவித்த கேரட், வெறும் சோறு. படத்தைப் பார்த்து ஆஸ்பத்திரிப் பெண் “பாகோஸ்” என்று கட்டை விரலைக் காட்டினாள். கம்பி எண்ணுகிறவனுக்குக்கூட இதைவிட ருசியாகப் போடுவார்கள். தேங்காய்ப்பாலை விலக்கினேன். ரொட்டி சானாய் என்கிற இந்த ஊர்ப் பரோட்டாவும் போயிற்று. மலைத் தண்ணீர்மேல் சந்தேகப்பட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தேன். கியா பார்ம் சந்தையில் ஒரு பாவமும் அறியாத ஸ்ட்ராபெரியைப் பார்த்து, “நீயாகக்கூட இருக்கலாம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். வயிறு அடங்கவில்லை. ஒவ்வொரு வேளையும் தட்டைப் படம் எடுத்து, சாப்பிட்டு, கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, அதன்பிறகு டப்பாவைத் திறந்து பயபக்தியோடு ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

கடைசியில் மிச்சமிருந்த ஒரே சந்தேகம் தேநீர். பாலில்லாமல்தான் குடித்துக்கொண்டிருந்தேன். அதையும் நிறுத்தினேன். அதிசயம் போல அந்த வாரத்திலிருந்து வயிறு மெல்ல மெல்ல அடங்கியது. காற்றில்லை, முறுக்கில்லை, நாளுக்கு ஒரே தடவை, அதுவும் கனவான்கள் போவது போல. எனக்குத் தலைகால் புரியவில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் நடுவில் நின்றுகொண்டு, “தேத்தண்ணிதான் வெஷம்! தலைமுறை தலைமுறையா வெஷத்தக் கிள்ளிக்கிட்டு இருக்கீங்க!” என்று அறிவித்தேன். மணியம் அண்ணன் மெஷினை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மெதுவாச் சொல்லு. வெளிய கண்ணாடிக்கு அந்தாண்ட வாங்கறதுக்கு நிக்கறானுங்க” என்றார். அதே வாரம் லேகிய டப்பா காலியாகியிருந்தது என்பதை நான் கவனித்தேன். கவனித்து, அடடா, மருந்து தீர்ந்துவிட்டதே, திரும்ப வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன்.

சின்ன துரையிடம் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். “இந்த மாசம் பூரா நில்லுங்க அங்கிள், மாசக் கடைசில சைன் வெக்கறேன்” என்றார். நின்றேன். இலை தங்கம் போல வந்தது. இரண்டு வாரம் இப்படிப் போன பிறகு, கோத்தகிரிக்காரர் ஒருவர் லீவு முடிந்து வந்து என் கையில் ஒரு பெரிய டப்பாவைக் கொடுத்தார். மல்லிகா போனில், “வேல போயிரும்னீங்களே, அதான் இந்தத் தடவ நல்லா கனமாக் கிண்டியிருக்கேன்” என்றாள். இரண்டு வாரம் விட்டுப்போன பாக்கியையும் சேர்த்து அன்றைக்கே தாராளமாக எடுத்துக்கொண்டேன். வருமுன் காக்க வேண்டும் அல்லவா?

மறுநாள் ஒரு பள்ளிக்கூடமே வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றது. வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, வரிசை வரிசையாகப் பற்கள். வயிற்றில் முதல் முறுக்கு. டிரையரின் வெப்ப முள்ளைப் பார்த்தேன். முள்ளும் நானும் சேர்ந்து ஏறிக்கொண்டிருந்தோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரில் இருக்கிற குலதெய்வத்தையும் இங்கே இருக்கிற மாரியம்மனையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன். எல்லைத் தகராறு போலிருக்கிறது, இரண்டு பேரும் வரவில்லை. “அண்ணே, ஒரு கண்ணு பாத்துக்குங்க!” என்று கத்திவிட்டு ஓடினேன். மணியம் அண்ணனால் உருட்டும் மெஷினை விட்டு நகர முடியாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். நான் திரும்பி வந்தபோது சின்ன துரை டிரையர் வாயில் நின்று ஒரு கை கரியை முகர்ந்துகொண்டிருந்தார். “அங்கிள்” என்று மட்டும் சொன்னார். பிறகு மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

சாயங்காலம் போனில் மல்லிகாவிடம் சொன்னேன்.

“டிரையர்ல இருந்து எடுத்துட்டாங்க. இனி பெர்மிட் கெடைக்காது.”

“அய்யோ! வயிறுங்களா? என்ன சாப்டீங்க? அந்த நாத்தம் புடிச்ச எறாக் கட்டியத் தின்னீங்களா?”

“எதுவுமே இல்ல மல்லிகா. அவிச்ச மீனு, கேரட்டு. அந்த ஆஸ்பத்திரிப் புள்ள சொன்னபடி பூண்டு ஒரு பல்லு கெடையாது, பாலு ஒரு சொட்டு கெடையாது, தேன மோந்துகூடப் பாக்கல.”

லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

“பூண்டு ஆகாதுன்னு எப்பச் சொன்னாங்க?”

“ரொம்ப நாளாச்சு. ஒனக்கு எதுக்கு அதெல்லாம்னு சொல்லல. இந்த ஊரு சாப்பாடு சேரலன்னு சொன்னனே, அது போதாதா?”

“ஏனுங்க, லேகியம் எதுல கிண்டறதுன்னு நெனச்சீங்க?”

“எதுல? சுக்கு, ஓமம்…”

“பூண்ட உரிச்சு, பால்ல வேக வெச்சு, மசிச்சு, கருப்பட்டியும் நெய்யும் ஊத்திக் கிண்டறது. எறக்கறப்பத் தேன் ஊத்தறது.” ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொன்னாள், கோர்ட்டில் சொல்வது போல. “இந்தத் தடவ பூண்டு ரெண்டு பங்கு.”

ஆண் பிள்ளைகளாகிய நாங்கள் லேகியத்தை நக்கத் தெரிந்தவர்கள். கிண்டுகிற சட்டியை எட்டிப் பார்க்கும் வழக்கம் கிடையாது. இலையின் ஈரத்தை மூக்காலேயே அளந்து பிழைக்கிறவன் நான், ஓமத்துக்கும் சுக்குக்கும் பின்னால் ஒளிந்திருந்த பூண்டு இத்தனை நாளும் எனக்குத் தட்டுப்படவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“கல்யாணத்தன்னிக்கே உங்கம்மா சொன்னாங்க, எம் பையனுக்கு இவ மருந்து வெச்சுட்டான்னு. இத அவங்க காதுல போட்டுராதீங்க” என்றாள். பிறகு, “நாந்தானுங்களா அப்ப?” என்று கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள்.

சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது அல்லவா? லேகியத்தை நிறுத்தினேன், தேநீரைத் திரும்பக் குடித்தேன். வயிறு அடங்கிப் படுத்துக்கொண்டது. லீவு நாள் ஒன்றில் ஒரே ஒரு கரண்டி போட்டுப் பார்த்தேன். மதியத்துக்குள் பதில் வந்துவிட்டது. டப்பாவைக் கொண்டுபோய் அந்த மலாய்ப் பெண்ணிடம் காட்டி உள்ளே இருப்பதைச் சொன்னேன். அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். இதில் விஷம் ஏதுமில்லை, உன் குடலுக்குத்தான் ஆகாது, இன்னொருவருக்கு நல்லதாகக்கூட இருக்கலாம் என்றாள். அதுவும் உண்மையாயிற்று. மிச்ச டப்பாவைச் சரோஜா அக்கா வாங்கி வழித்துத் தின்றார். “ஒன் பொண்டாட்டி கை தங்கம் லா! அவளப் போயி விட்டுட்டு வந்து இங்க கேரட் திங்கற” என்றார். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத அந்த வயிறு கோத்தகிரியைச் சுலபமாகச் செரித்தது. கோத்தகிரியில் பிறந்த என்னுடையது அவர் வைக்கிற அவித்த மீனைத்தான் ஏற்றுக்கொள்கிறது.

என் இடத்தில் டிரையருக்கு வைத்த ஆள் கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டத்துக்கு ஓடிப்போனான். சின்ன துரை துடைப்பத்தை என் கையிலிருந்து வாங்கி மூலையில் சாத்தினார். மாதம் முழுக்க நின்றேன். கையெழுத்து விழுந்தது. பெர்மிட் வந்தது. வீட்டுக்குக் கூரை போடலாம், மகள் படிப்பை முடிப்பாள். கழிப்பறைக் கதவிலிருந்த அட்டையை யாரோ கழற்றிவிட்டார்கள். மணியம் அண்ணன்தான் பாவம், என்னிடம் பேச விஷயம் இல்லாமல் மழையைப் பற்றிப் பேசுகிறார்.

மல்லிகாவுக்கும் அதே கஷ்டம்தான். சாயங்காலம் கூப்பிடுகிறேன். “சாப்டீங்களா?” என்கிறாள். “ஆச்சு.” “வயிறு?” “நல்லாருக்கு.” “சரிங்க.” மகளைப் பற்றி ஒரு வாக்கியம், கூரையைப் பற்றி ஒரு வாக்கியம். பிறகு இரண்டு பேரும் அடுத்தவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். “வெச்சரட்டுங்களா?” என்று அவள் கேட்கும்போது எனக்கும் மறுக்கக் காரணம் கிடைப்பதில்லை. லேகியச் சட்டியைக் கழுவிப் பரண்மேல் கவிழ்த்துவிட்டதாக ஒருநாள் சொன்னாள், ஏதோ அடக்கம் பண்ணிவிட்டு வந்தவள் மாதிரி. ஆரோக்கியம் வந்தால் என்னென்ன போகும் என்று எந்த டாக்டரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நேற்று “வெச்சரட்டுங்களா?” என்று அவள் கேட்டபோது, என் வாய் என்னைக் கேட்காமலே, “மத்தியானத்துல இருந்து வயிறு லேசாக் கடுக்குது” என்றது.

“எந்தப் பக்கம்?” குரல் எழுந்து உட்கார்ந்துவிட்டது. “என்ன சாப்டீங்க? தண்ணியாப் போகுதா? அந்தக்கா பூண்ட கீண்டப் போட்டுட்டாங்களா? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. இருங்க, சீரகத்த வறுத்துத் தண்ணில போட்டுக் குடிச்சா…” சொல்லிக்கொண்டே அடுப்படிக்கு நடந்துவிட்டாள் போலிருக்கிறது, வாணலி வைக்கிற சத்தம் கேட்டது. யார் குடிக்கப்போகிறார்கள் என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கோத்தகிரியில் எனக்காகச் சீரகம் பொரிந்துகொண்டிருந்தது. நான் கேமரன் மலையில் தேயிலைச் சரிவைப் பார்த்தபடி, வலிக்காத வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, “இடது பக்கந்தான், கொஞ்சம் கீழ” என்று இடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.